கல்லூரிக் கட்டணத்துக்கு அமெரிக்க வரிக் கிரெடிட்: முதன்முறை கேட்கும் பெற்றோருக்கு

என் மகள் 2024 மே மாதம் பட்டம் வாங்கினாள். அவளுடைய கடைசி செமஸ்டர் கட்டணம் 6,200 டாலர். அந்தத் தொகைக்காக எங்களுக்கு ஒரு டாலர்கூட வரியில் குறையவில்லை. எங்களுக்குத் தகுதி இருந்தது, ரசீதும் இருந்தது. பணம் கட்டிய தேதிதான் தவறு. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், ஜனவரியில் கட்ட வேண்டியதை டிசம்பர் 27 அன்றே கட்டிவிட்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது அடுத்த ஆண்டு வரிக்கணக்கு போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பிறகு மகனுக்கு வேறொரு தவறு செய்தேன். அதையாவது திருத்த முடிந்தது.

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, முதல் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் கல்லூரி தேடுவதில் இரண்டு வருடம் செலவழிக்கிறோம். வரிக்கணக்கில் இந்தப் பகுதிக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுப்பதில்லை.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை வேறு, கிரெடிட் வேறு. 22 சதவீத வரிப்படியில் இருப்பவர் 2,500 டாலரை வருமானத்தில் கழித்தால் மிச்சமாவது 550 டாலர்தான். அதே 2,500 டாலர் கிரெடிட்டாக வந்தால், கட்ட வேண்டிய வரியிலேயே முழு 2,500 டாலர் குறையும்.

1. இரண்டு கிரெடிட்களில் உங்களுக்கு எது என்று பாருங்கள்

முதலாவது அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி கிரெடிட். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர். முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுமையாகவும், அடுத்த 2,000 டாலருக்கு 25 சதவீதமும் கிடைக்கும். ஆக, 4,000 டாலர் செலவு காட்டினால் முழுத் தொகையும் வரும். உங்கள் வரி பூஜ்யமாகிவிட்டாலும், இதில் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர் வரை, கையில் திரும்ப வரும். மாணவர் பட்டம் அல்லது சான்றிதழ் படிப்பில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில் தொடங்கிய ஒரு செமஸ்டரிலாவது பாதி நேர மாணவராகவாவது பதிவு செய்திருக்க வேண்டும். கல்லூரியின் முதல் நான்காண்டுப் படிப்பை அந்த ஆண்டு தொடங்கும் முன்பே முடித்தவராக இருக்கக் கூடாது. ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டும்தான் இதைக் கேட்கலாம்.

இரண்டாவது லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். 10,000 டாலர் வரையிலான செலவில் 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000 டாலர். இது மாணவருக்கு இவ்வளவு என்று கிடையாது, ஒரு வரிக்கணக்குக்கே மொத்தம் அவ்வளவுதான். வரி பூஜ்யமானால் மீதி திரும்ப வராது. ஆனால் ஆண்டு வரம்பு இல்லை, பாதி நேரம் என்ற நிபந்தனையும் இல்லை. மேற்படிப்புக்கும், வேலைக்காக எடுக்கும் ஒரே ஒரு பாடத்துக்கும்கூடச் செல்லும்.

ஒரே ஆண்டில் ஒரே மாணவருக்கு இரண்டையும் கேட்க முடியாது. இளங்கலை படிக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய எப்போதும் முதலாவதுதான் லாபம்.

கல்லூரி அமெரிக்க அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் இடம்பெற்றிருக்க வேண்டும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ படிக்கும் பிள்ளையின் கட்டணத்தைக் காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் திட்டங்களில் சேராத கல்லூரி என்றால் முடியாது.

2. வருமான வரம்பையும், யார் கேட்பது என்பதையும் முடிவு செய்யுங்கள்

தம்பதியாகச் சேர்ந்து கணக்கு கொடுத்தால், திருத்திய மொத்த வருமானம் 1,60,000 டாலர் வரை முழுக் கிரெடிட். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து, 1,80,000 டாலரில் நின்றுவிடும். தனி நபருக்கு இந்த எல்லைகள் 80,000, 90,000. திருமணமானவர்கள் தனித்தனியாகக் கணக்கு கொடுத்தால் ஒன்றுமே கிடையாது.

கணக்கு எளிதானது. உங்கள் வருமானம் 1,70,000 என்றால், எல்லைகளுக்கு நடுவில் இருக்கிறீர்கள். 2,500 பாதியாகி 1,250 ஆகும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் போட்டிருக்கும் வைப்புத்தொகை வட்டியும் ஊரில் உள்ள வீட்டு வாடகையும் இந்த வருமானத்தில் சேரும். என்.ஆர்.இ. கணக்கின் (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் அங்கே வைக்கும் வங்கிக் கணக்கின்) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க வரிக்கணக்கில் அது வருமானம்தான். சம்பளத்தை மட்டும் வைத்து வரம்புக்குள் இருக்கிறோம் என்று கணக்குப் போட்டு, பிறகு ஏமாறாதீர்கள். அதேபோல் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் வரிக்கு முன் போடும் பணம் இந்த வருமானத்தைக் குறைக்கும். நீங்கள் 1,63,000 அளவில் இருந்தால், டிசம்பருக்குள் அங்கே 3,000 டாலர் கூடுதலாகப் போட்டாலே முழுக் கிரெடிட் கிடைத்துவிடும். ஆண்டு முடிந்த பிறகு சம்பளத்திலிருந்து இதைச் செய்ய முடியாது.

பிள்ளையை உங்களைச் சார்ந்தவராகக் கணக்கில் காட்டினால், கிரெடிட் உங்களுக்குத்தான். கட்டணத்தைப் பிள்ளையே கட்டியிருந்தாலும், தாத்தா ஊரிலிருந்து கல்லூரிக்கு நேராக அனுப்பியிருந்தாலும், நீங்கள் கட்டியதாகவே கொள்ளப்படும். கல்விக் கடன் வாங்கிக் கட்டியதும் சேரும். கடன் பணம் கல்லூரிக்குப் போன ஆண்டுதான் கணக்கு, கடனைத் திருப்பிக் கட்டும் ஆண்டு அல்ல.

உங்கள் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதா? பிள்ளைக்குச் சொந்தச் சம்பாத்தியம் இருந்து வரியும் வருகிறது என்றால், நீங்கள் அவரைச் சார்ந்தவராகக் காட்டாமல் விட்டு, அவரே தன் கணக்கில் கேட்கலாம். அப்போது உங்களுக்கு வரும் 500 டாலர் சார்ந்தவர் கிரெடிட் போய்விடும். பெற்றோர் ஆதரவில் படிக்கும் 24 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொதுவாக அந்த 1,000 டாலர் கைக்கு வராது, இருக்கும் வரி மட்டும் குறையும். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

3. எஸ்.எஸ்.என். இருக்கிறதா? இதை இப்போதே பாருங்கள்

இதைத்தான் எல்லோருக்கும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு எஸ்.எஸ்.என்., அதாவது சமூகப் பாதுகாப்பு எண், இல்லை. எஸ்.எஸ்.என். இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண்ணை வைத்துத்தான் வரிக்கணக்கில் காட்டுகிறோம். 2025 வரி ஆண்டு வரை அந்த எண்ணை வைத்தே இந்தக் கிரெடிட்டைக் கேட்க முடிந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 வரி ஆண்டு முதல், அதாவது 2027-இல் கொடுக்கும் கணக்கிலிருந்து, மாணவருக்கு எஸ்.எஸ்.என். இருந்தால்தான் இரண்டு கிரெடிட்களுமே கிடைக்கும். முன்பு கிடைத்தது என்பதால் இந்த முறையும் கிடைக்கும் என்று நம்பி, வீட்டுச் செலவைத் திட்டமிட்டுவிடாதீர்கள். கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பம் போட்டு வேலை அனுமதி அட்டை கிடைத்திருந்தால், அதை வைத்துப் பிள்ளைக்கு எஸ்.எஸ்.என். கேட்கலாம். அட்டை வந்ததும் தள்ளிப்போடாமல் விண்ணப்பியுங்கள். கணக்கு கொடுக்கும் கெடுவுக்குள் எண் கையில் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் பொதுவாக இந்தக் கிரெடிட் இல்லை. வரிச் சட்டப்படி அவர்கள் இங்கே வசிக்காதவர்கள். நண்பர் ஒருவர் வாங்கினார் என்று கேள்விப்பட்டு யாரும் கேட்டுவிட வேண்டாம். விசா நீட்டிப்புக்கும் கிரீன் கார்டுக்கும் வரிக்கணக்கைக் காட்ட வேண்டிய நாள் வரும். நாட்டுக்கு வந்த முதல் ஆண்டிலிருக்கும் குடும்பங்களும், ஆண்டின் ஒரு பகுதி மட்டும் இங்கே வசிப்பவராகக் கணக்கு கொடுத்தால், கேட்க முடியாது.

4. 1098-டி படிவத்தைக் கையில் எடுங்கள்

மாணவரிடமிருந்து வந்த கட்டணத்தைக் காட்டும் இந்தப் படிவத்தைக் கல்லூரி ஜனவரி 31-க்குள் தர வேண்டும். தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது மாணவரின் இணையக் கணக்கில் ஒரு மூலையில் ஏறிவிடும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்கும், பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்காது. கட்டணம் கட்டுவது நாம்தானே என்று கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், மாணவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் சொல்ல மாட்டார்கள். சட்டம் அப்படி. ஆகஸ்டில் பிள்ளையை விடுதியில் விடும்போதே, பெற்றோருக்குப் பார்வையிடும் அனுமதி கொடுக்கும் படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.

படிவத்தில் பார்க்க வேண்டியவை சில கட்டங்கள்தான். 1-ஆம் கட்டத்தில் அந்த ஆண்டு கல்லூரிக்கு வந்த கட்டணம் இருக்கும். உதவித்தொகையிலிருந்து வந்ததும் இதில் அடக்கம். 5-ஆம் கட்டத்தில் உதவித்தொகை. 7-ஆம் கட்டத்தில் குறி இருந்தால், அடுத்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் செமஸ்டருக்கான பணமும் 1-ஆம் கட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். 8 என்பது பாதி நேரம் அல்லது அதற்கு மேல் படிப்பதைக் காட்டும். 4, 6 ஆகிய கட்டங்களில் தொகை இருந்தால், முந்தைய ஆண்டுக் கணக்கு மாறியிருக்கிறது. அதை அப்படியே தாண்டிப் போகாதீர்கள்.

இந்தப் படிவத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இன்னொரு தாள் வேண்டும்: கல்லூரி இணையக் கணக்கிலுள்ள கட்டண விவர அறிக்கை, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. மகனுடையதை அச்செடுத்துச் சமையலறை மேசையில் விரித்தபோது மூன்று பக்கம் வந்தது. பச்சை நிறத்தில் சேர்வதையும், சிவப்பில் சேராததையும் கோடிட்டேன். பாடக் கட்டணம் பச்சை. எல்லா மாணவரும் கட்டாயம் கட்ட வேண்டிய தொழில்நுட்பக் கட்டணம் பச்சை. விடுதி வாடகை, உணவுத் திட்டம், மருத்துவக் காப்பீடு, வாகன நிறுத்த அனுமதி எல்லாம் சிவப்பு. முடித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது. கட்டிய மொத்தத்தையும் எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். அப்படி எழுதியிருந்தால் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) கேட்கும்போது பதில் இருந்திருக்காது.

பாடப் புத்தகங்கள் இந்த அறிக்கையில் இருக்காது. ஆனால் முதல் கிரெடிட்டுக்கு அவை சேரும். எந்தக் கடையில் வாங்கினாலும் சேரும், பழைய புத்தகமாக இருந்தாலும் சேரும். மடிக்கணினி படிப்புக்குத் தேவை என்றால் அதுவும் சேரும். பாடத்திட்டத்தில் அந்தத் தேவை எழுதப்பட்டிருக்கும் பக்கத்தை ரசீதோடு எடுத்து வையுங்கள். செப்டம்பரில் இருபது, முப்பது டாலராகப் போகும் செலவு என்று ரசீதுகளை எறிந்துவிடுகிறோம். ஓர் உறையைப் போட்டு வைத்தால் போதும்.

1098-டி வரவேயில்லை என்றால்? உதவித்தொகையே முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டிய மாணவருக்கும், கல்லூரி தன் பதிவேட்டில் வெளிநாட்டவர் என்று குறித்திருக்கும் மாணவருக்கும் அதைத் தர வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. எச்-4 பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளையைவிட்டு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அடையாள எண் கல்லூரியில் பதிவாகவில்லை என்றால், டபிள்யூ-9எஸ் படிவத்தில் கொடுங்கள்.

5. எவ்வளவு செலவு காட்டலாம் என்று கணக்கிடுங்கள்

என் மகன் விஷயத்தில் தவறியது இங்கேதான். 2023-இல் அவனுடைய 1-ஆம் கட்டத்தில் 14,000, 5-ஆம் கட்டத்தில் 12,500. மென்பொருளில் இரண்டு எண்களையும் போட்டேன். கழித்து 1,500 என்று எடுத்துக்கொண்டு 1,500 டாலர் கிரெடிட் காட்டியது. நானும் அனுப்பிவிட்டேன்.

விடுபட்டவை இரண்டு. புத்தகங்களுக்கு 600 டாலர் செலவாகியிருந்தது. அதைச் சேர்த்தால் 2,100. கிரெடிட் 2,025 ஆகியிருக்கும். அடுத்தது அதைவிடப் பெரியது. அவனுடைய உதவித்தொகைக் கடிதத்தில், விடுதி, உணவு உட்படப் படிப்புச் செலவுகள் எதற்கும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. அப்படி நிபந்தனையில்லாத உதவித்தொகையில் ஒரு பகுதியை விடுதிச் செலவுக்குப் போனதாகக் கணக்கில் வைக்கலாம். அந்தப் பகுதி பிள்ளையின் வருமானமாகிவிடும். ஆனால் அவ்வளவு கட்டணம் உங்கள் கையிலிருந்து போனதாகக் கொள்ளப்படும். 1,900 டாலரை அப்படி மாற்றினால் செலவு 4,000 ஆகிறது, கிரெடிட் 2,500 ஆகிறது. மகனுக்கு வேறு வருமானம் இல்லாததால் 1,900 டாலருக்கு வரி எதுவும் வரவில்லை.

இது குறுக்கு வழி அல்ல. ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 970-ஆம் எண் கையேடே உதாரணத்தோடு விளக்குகிறது. ஆனால் கடிதத்தில் பாடக் கட்டணத்துக்கு மட்டும் என்று இருந்தால் செய்யக் கூடாது. எனவே உதவித்தொகைக் கடிதத்தைத் தேடி எடுத்து, வரிவரியாகப் படியுங்கள். பிள்ளைக்குக் கணிசமான வேறு வருமானம் இருந்தால், அவருக்கு ஏறும் வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

கல்விச் செலவுக்கான 529 சேமிப்புத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பணத்தில் கட்டிய கட்டணத்தையே கிரெடிட்டுக்கும் காட்ட முடியாது. 4,000 டாலரை மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுங்கள். மீதிக் கட்டணம், விடுதி, உணவு ஆகியவற்றுக்கு 529-ஐப் பயன்படுத்துங்கள். கட்டணம் போன அதே நாட்காட்டி ஆண்டில் பணத்தை எடுத்துவிடுங்கள்.

6. நான்கு வருடப் படிப்பை ஐந்து ஆண்டுகளாக எண்ணுங்கள்

ஆகஸ்டில் சேர்ந்து நான்காம் ஆண்டு மே மாதம் முடிக்கும் பிள்ளை ஐந்து வரி ஆண்டுகளைத் தொடுகிறது. முதல் கிரெடிட்டோ நான்கு ஆண்டுகளுக்குத்தான். எந்த ஆண்டை விடுவது என்று முதல் ஆண்டிலேயே யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

மகள் 2020-இல் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த ஆண்டு ஒரு செமஸ்டர்தான், செலவு 1,900 டாலர். முதல் கிரெடிட்டைக் கேட்டு 1,900 வாங்கினேன். 2021, 2022, 2023-இல் முழுத் தொகை. நான்கு முடிந்துவிட்டது. 2024-க்கு லைஃப்டைம் கிரெடிட்டாவது கேட்கலாம் என்றால், வசந்த செமஸ்டர் கட்டணத்தைத்தான் 2023 டிசம்பரிலேயே கட்டியாயிற்றே. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் செமஸ்டருக்கு முந்தைய டிசம்பரில் கட்டினால், கட்டிய ஆண்டுக்கே அது சேரும். 2023-இல் ஏற்கெனவே 4,000 நிறைந்திருந்ததால் அந்த 6,200 வீணாயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் கட்டியிருந்தால், 6,200-இல் 20 சதவீதம், 1,240 டாலர் கிடைத்திருக்கும்.

இன்னும் சரியாகச் செய்திருக்கலாம். 2020-இல் லைஃப்டைம் கிரெடிட்டாக 380 மட்டும் வாங்கிக்கொண்டு, பட்டம் வாங்கும் 2024-க்கு முதல் கிரெடிட்டை வைத்திருந்தால் 2,500. இரண்டும் சேர்ந்து 2,880. நான் வாங்கியது 1,900. உங்கள் பிள்ளைக்கு இதே போல ஒரு காகிதத்தில் ஐந்து ஆண்டுகளையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் உத்தேசச் செலவைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

டிசம்பரில் கட்டுவது சில சமயம் நல்லதும்கூட. முதல் ஆண்டு இலையுதிர் செமஸ்டருக்கு 2,000 டாலர்தான் ஆகியிருக்கிறது, அந்த ஆண்டுக்கு முதல் கிரெடிட்டைக் கேட்கவும் முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வசந்த கட்டணத்தை டிசம்பரில் கட்டி 4,000-ஐ நிறைக்கலாம். கட்டும் முன் கல்லூரி வைத்திருக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள். ஜனவரிக்குத் தள்ளுவதால் அபராதமோ, பாடங்களிலிருந்து பெயர் நீக்கமோ வருமென்றால் தள்ள வேண்டாம்.

7. 8863 படிவத்தை நிரப்புங்கள்

இந்தக் கிரெடிட்களைக் கேட்கும் படிவம் இதுதான். மென்பொருளே நிரப்பினாலும், அனுப்பும் முன் இதைத் திறந்து பாருங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தனி இரண்டாம் பக்கம். பெயர், எண், கல்லூரியின் பெயர், முகவரி, 1098-டி-யில் இருக்கும் கல்லூரியின் ஒன்பது இலக்க எண். முதல் கிரெடிட்டுக்கு அந்த எண் கட்டாயம். பிறகு வரும் கேள்விகளில் 23-ஆம் வரி, முன்பு நான்கு ஆண்டுகள் கேட்டாயிற்றா என்பது. மென்பொருளை மாற்றியிருந்தால், பழைய ஆண்டுகள் அதற்குத் தெரியாது. பழைய 8863-களைப் பார்த்து நீங்களே பதில் சொல்லுங்கள். 27-ஆம் வரியில் செலவு, 4,000-க்கு மேல் போகக் கூடாது. திரும்ப வரும் பகுதி, முதன்மை வரிக்கணக்குப் படிவமான 1040-இன் 29-ஆம் வரிக்குப் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

8. யாரிடம் கொடுப்பது, என்ன செலவாகும்

கிரெடிட்டைக் கேட்பதற்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. வருமானம் குறைவான குடும்பங்களுக்கு விட்டா என்ற இலவச உதவி மையங்கள் வரிக்காலத்தில் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் இயங்குகின்றன. மற்றவர்கள் மென்பொருளுக்கோ கணக்காளருக்கோ பணம் கொடுக்க வேண்டியிருக்கும். கணக்காளரிடம் போனால், அவர் ரசீதுகளையும் பிள்ளையின் பதிவையும் பற்றி உங்களிடம் கேள்வி கேட்டே ஆக வேண்டும். 8867 என்ற படிவத்தில் அதை அவர் உறுதி செய்ய வேண்டும். எதையும் கேட்காமல் முழுத் தொகை வாங்கித் தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கணக்கில் தன் பெயரையும், கணக்கு தயாரிப்பவருக்கான பி.டி.ஐ.என். எண்ணையும் போட மறுப்பவரிடமிருந்தும் அப்படியே. பொறுப்பில்லாமல் கேட்டதாக ஐ.ஆர்.எஸ். முடிவு செய்தால் இரண்டு ஆண்டுகளுக்கும், மோசடி என்றால் பத்து ஆண்டுகளுக்கும் கிரெடிட் உங்களுக்குத் தடைபடும், அவருக்கு அல்ல.

கணக்கு கொடுக்கக் கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 15. தாள்கள் சேரவில்லை என்றால், 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை நீட்டிக்கலாம். கட்ட வேண்டிய வரியை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள்.

9. முன்பு விட்டுப்போயிருந்தால் 1040-எக்ஸ்

கொடுத்த கணக்கைத் திருத்தும் படிவம் இது. கணக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தலாம். 2023-க்கான கணக்கை 2024 ஏப்ரல் 15-க்குள் கொடுத்திருந்தால், 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. மகனுக்கு விடுபட்ட 1,000 டாலரை நான் இப்படித்தான் வாங்கினேன். புத்தக ரசீதுகள், உதவித்தொகைக் கடிதம், கட்டண அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, 1040-எக்ஸ் படிவத்தோடு புதிய 8863-ஐ இணைத்து இணையத்திலேயே அனுப்பினேன். காரணம் எழுதும் பகுதியில், புத்தகச் செலவு விடுபட்டது, உதவித்தொகையின் ஒரு பகுதி விடுதிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது என்று இரண்டே வரிகள் எழுதினேன். மகன் பெயரில் 1,900 டாலர் வருமானம் காட்டும் தாளையும் தயாரித்து வைத்தேன். பதினான்கு வாரம் கழித்துக் காசோலை தபாலில் வந்தது. அந்தக் கோப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவன் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு ஆகும் வரை அங்கேயே இருக்கும்.